நூற்றுக்கு ஒரு கோடு

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். அத்தனை ஆண்டுகளிலும் ஏதாவது ஒரு தகப்பனோ தாயோ வந்து அதே கேள்வியைக் கேட்பார்கள். "சார், பையன் ஒரு எடத்துல உக்காந்தா எழுந்துக்க மாட்டான். எந்த வேலயக் குடுத்தாலும் கண்ணும் கருத்துமா செய்வான். கணக்கு மட்டும் ஏறமாட்டேங்குது. இவனுக்கு இன்னாதான் வேல கெடைக்கும், சொல்லுங்க."

என்னிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. "மாடு மேய்க்கலாம்னு சொல்லலாம்தான். ஆனா சாயங்காலம் எத்தினி மாடு திரும்புச்சின்னு எண்ணணுமே?" ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரிப்பார்கள். கேட்க வந்தவரும் வாத்தியாருக்கு மரியாதையாக ஒரு சிரிப்புச் சிரித்துவைப்பார். பக்கத்தில் நிற்கும் பையன் மட்டும் தரையைப் பார்ப்பான்.

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் ஆரணியில் எவரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட ஒருவன் என் வீட்டிலேயே இருந்தான். அவனுக்கு ஏற்ற வேலையும் கிடைத்திருந்தது. அந்த வேலையில் அவன் சந்தோஷமாகவும் இருந்தான். அதை நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுபது வயதைத் தாண்டிவிட்டேன். இனி இதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

என் தம்பி என்னைவிட மூன்று வயது இளையவன். நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது அப்பா இறந்துவிட்டார். அதன்பிறகு தம்பியை அடிக்கும் உரிமை எனக்கு வந்தது. அப்படித்தான் நான் நினைத்தேன். மாலையில் அவனை எதிரில் உட்காரவைத்து ஏழாம் வாய்ப்பாடு கேட்பேன். ஏழேழு வரைக்கும் வருவான். அதற்கு மேல் அவன் கண்கள் சுவரில் எதையோ தேடும். அவன் விரல்களுக்கு நடுவில் பென்சிலை வைத்து அழுத்துவேன். "ஏழெட்டு?" அழுத்துவேன். "ஏழெட்டுடா!" அவன் கத்தமாட்டான், மூக்கை மட்டும் உறிஞ்சுவான். பதில் தெரிந்தும் வேண்டுமென்றே சொல்லாமல் இருக்கிறான் என்று நான் நம்பினேன். உண்மையில் எண்கள் அவன் தலையில் தங்கவில்லை. வந்த வழியே போய்விட்டன. தமிழை மட்டும் தடங்கலில்லாமல் படிப்பான். ஒரு கதையை ஒருமுறை கேட்டால் வரி பிசகாமல் திருப்பிச் சொல்வான்.

ஒன்பதாம் வகுப்பில் தோற்று நின்றுவிட்டான். எங்கள் பக்கத்தில் பாவு பிணைக்கும் வேலை செய்துகொண்டிருந்த ஒருவரிடம் அம்மா அவனைச் சேர்த்துவிட்டாள்.

பட்டுத் தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. ஒரு பாவு நெய்து தீர்ந்ததும், அதன் கடைசி முழத்தைத் தறியிலேயே விட்டுவைப்பார்கள். அந்த இழை ஒவ்வொன்றும் தனக்கான கண்ணியில், அதாவது நூல் வளையத்தில், நுழைந்து நிற்கும். புதுப் பாவைக் கொண்டுவந்து எதிரே விரித்து, பழைய இழையின் நுனியையும் புதிய இழையின் நுனியையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துத் திரிக்க வேண்டும். முடிச்சுப் போடக்கூடாது. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒரு திரி, ஒரு மடக்கு, அவ்வளவுதான். இப்படி நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இழைகள். ஒரு பகலும் மறுநாள் பாதியும் பிடிக்கும். எல்லாம் முடிந்தபிறகு இணைப்புகளை மெதுவாக இழுத்துக் கண்ணிகளையும் பண்ணையையும் தாண்டவைப்பார்கள். பண்ணை என்பது சீப்பைப்போல நெருக்கமான பற்களைக் கொண்ட சட்டம். இணைப்பு தடித்திருந்தாலோ, ஓர் இழை இன்னோர் இழைமேல் குறுக்கே ஏறியிருந்தாலோ, அங்கே சிக்கி அறுந்துவிடும்.

இதில் எண்ணுவதற்கு எதுவுமில்லை. பழையதில் அடுத்த இழை எது, புதியதில் அடுத்த இழை எது, அவ்வளவுதான் தெரியவேண்டும். குறுக்கே செருகிய குச்சிகள் வரிசையைக் காத்து நிற்கும். செய்கிறவனுக்கு வேண்டியது கண்ணும் விரலும், ஓர் இழையிலிருந்து அடுத்த இழைக்குப் போகும் நிதானமும்தான். தம்பிக்கு அது வாய்த்தது. இரண்டே ஆண்டுகளில் கற்றுக்கொடுத்தவரைத் தாண்டிவிட்டான். ஒருமுறை அவன் பிணைத்துக்கொண்டிருந்த வீட்டு வாசலில் பாண்டு வாத்தியத்தோடு மாப்பிள்ளை அழைப்பு போயிருக்கிறது. வீட்டில் இருந்த அத்தனை பேரும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். "யாரு வூட்டு மாப்ளடா?" என்று அம்மா அவனைக் கேட்டபோது, "எப்பம்மா போச்சு?" என்றான்.

நான் வேலூரில் கணக்கு எடுத்து பி.எஸ்சி. முடித்தேன். பி.எட்.டும் படித்தேன். அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள் சும்மா இருந்தேன். எழுபதுகளின் பின்பாதி அது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்த அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தேன். அவ்வப்போது வேலூருக்குப் பஸ் ஏறிப்போய், அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். வீடு தம்பியின் விரலில் ஓடியது. அம்மா சோறு போடும்போது முதல் தட்டு அவனுக்குப் போகும். அதை அவள் யோசித்துச் செய்யவில்லை. வேலைக்குப் போகிறவனுக்கு நேரமாகும் என்று நினைத்திருப்பாள். நான் இரண்டாவது தட்டுக்காகக் காத்திருப்பேன். சேவூரிலிருந்து யாராவது ஆள் தேடி வந்தால் தெருமுனையில் கேட்பார்கள்: "பாவு பிணைக்கிறவரு வூடு எதுங்க?" எங்கள் வீட்டைக் காட்டுவார்கள். 'பிணைக்கிறவரு' என்று சொல்லப்பட்டவனுக்கு அப்போது இருபது வயதுகூட முழுசாக ஆகவில்லை. பட்டதாரி வீடு என்று எங்கள் வீட்டை ஒருவரும் சொல்லவில்லை.

வேலைநாட்களில் அவனுக்கு மதியச் சோறு கொண்டுபோவது என் பொறுப்பு. அம்மாதான் அப்படி வைத்தாள். "நீ சும்மாதான கீற" என்றாள். தூக்கை எடுத்துக்கொண்டு, தெரிந்தவர்கள் வராத சந்துகளாகப் பார்த்துப் போவேன்.

அவனை அதிகம் கூப்பிட்ட தறிக்காரர் ஒருவர் இருந்தார். நாலு தறி வைத்திருந்தார். வாய் கொஞ்சம் அதிகம், ஆனால் மனசில் எதையும் வைத்துக்கொள்கிறவர் இல்லை. என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே கிடையாது. "இன்னா பி.எஸ்சி., சோறு தூக்கிகினு வந்துட்டியா? இன்னிக்கு இன்னா கொழம்பு? அதுக்கும் ஃபார்முலா கீதா?" என்பார். தறியில் இருப்பவர்கள் நெய்வதை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். தம்பி மட்டும் சிரிக்கமாட்டான். அவனுக்குக் கேட்டிருக்காது.

ஒரு நாள் அவர் கொஞ்சம் கூடுதலாகப் பேசினார். முகூர்த்தப் புடவைக்கான பாவு அது. தம்பி முக்கால்வாசிக்குமேல் முடித்திருந்தான். அவர் என் கையிலிருந்த தூக்கை வாங்கி வைத்துவிட்டு, தறியில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்:

"உன் தம்பி எண்ணாமயே நாலாயிரம் எழயச் சேத்துட்டான். நீ பதினஞ்சு வருசமா எண்ணிகினே கீற. இன்னாப்பா சேத்த?"

ஒருவர் இருமும் அளவுக்குச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்ததுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

தம்பி எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு பின்கட்டுக்குச் சாப்பிடப் போனான். தறிக்காரர் வீட்டுக்குள் போனார். மற்றவர்களும் சோற்றுக்குக் கலைந்தார்கள். தறியறையில் நான் மட்டும் இருந்தேன். அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன். எதிரே அவன் சேர்த்த இணைப்புகள் ஒரே கோடாக, ஒரு நூலிழை அளவுகூட ஏறாமல் இறங்காமல் நின்றன. நான் நெசவு வீட்டில் பிறந்தவன். திரிக்க எனக்கும் தெரியும். அவன் அளவுக்கு வராது, அவ்வளவுதான்.

கிண்ணத்திலிருந்த சாம்பலைத் தொட்டேன். நடுவில் ஓர் இடம் பார்த்து ஓர் இணைப்பைப் பிரித்தேன், பக்கத்து இணைப்பையும் பிரித்தேன். இதை அதோடும் அதை இதோடும் மாற்றித் திரித்தேன். ஓர் இழை மற்றதன் மேல் குறுக்கே ஏறிக்கொண்டது. பிறகு அடுத்த இரண்டு. அடுத்த இரண்டு. பின்கட்டில் அவன் தண்ணீர் கேட்பது காதில் விழுந்தது. நான் நிறுத்தவில்லை. கோபத்தில் செய்துவிட்டேன் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். கோபமாக இருந்திருந்தால் அத்தனை நேர்த்தியாகத் திரித்திருக்க முடியாது. என் வாழ்நாளில் நான் அவ்வளவு கவனமாகச் செய்த வேலை வேறொன்று இல்லை.

அவன் சாப்பிட்டு வந்ததும் நான் காலித் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. "இருந்து பாத்துட்டுப் போறேன்" என்றேன். அவனுக்கு அது பிடித்திருந்தது. "உக்காருண்ணா" என்று ஒரு சாக்கை இழுத்துப் போட்டான். அவன் வேலையை நான் உட்கார்ந்து பார்ப்பது அதுதான் முதல்முறை. வெயில் இறங்கும் நேரத்தில் கடைசி இழையைச் சேர்த்தான். இரண்டு பேர் இந்தப் பக்கமும் அவன் அந்தப் பக்கமுமாக நின்று மெல்ல இழுத்தார்கள். கண்ணிகளைத் தாண்டும்போது நடுவில் ஓர் இடத்தில் பாவு இறுகியது. "இரு, இரு" என்றான் தம்பி. அதற்குள் இந்தப் பக்கத்து ஆள் கொஞ்சம் இழுத்துவிட்டான். பண்ணையில் கையகலத்துக்கு இழைகள் அறுந்தன. பட்டு அறும்போது பெரிய சத்தம் வராது. காய்ந்த இலையைக் கசக்கியதுபோல ஒரு ஒலி, அவ்வளவுதான். அறுந்த இழைகள் பக்கத்து இழைகளையும் இழுத்துச் சுருட்டிக்கொண்டன. கண்ணி நூல்கள் நாலைந்து பிய்ந்து தொங்கின.

தறிக்காரர் விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "குறுக்க போட்டிருக்கடா. வரிசயா குறுக்க போட்டிருக்க. குடிச்சிகினு வந்தியா?"

தம்பி குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். "நான் அப்பிடிப் போடமாட்டேங்க" என்றான். மறுபடியும் குனிந்து பார்த்தான். அவன் முகம் கொஞ்சங்கொஞ்சமாக மாறுவதை நான் சாக்கில் உட்கார்ந்தபடி பார்த்தேன். "போட்டுட்டேன் போலகீது" என்றான்.

"கல்யாணப் பொடவடா! அவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" அவர் கையை ஓங்கிவிட்டு, பிறகு இறக்கிக்கொண்டார்.

அப்போது நான் பேசினேன். அந்த நேரத்தில் நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால், நான் செய்தது ஒரு நாள் நஷ்டத்தோடு போயிருக்கும். பாவைப் பழுது பார்த்திருப்பார்கள், அவர் ஒரு வாரம் திட்டியிருப்பார், பிறகு அவனையே கூப்பிட்டிருப்பார். நான் சொன்னேன்: "இவன் எண்ணியிருந்தா இது நடந்திருக்காதுங்க. நூறு நூறா எண்ணிச் சரி பாத்துகினே வந்தா தப்பு அங்கயே தெரிஞ்சிருக்கும். இவ்ளோ பெரிய வேலய யாராவது எண்ணாம செய்வாங்களா?"

நான் கணக்குப் படித்தவன். எண்ணிக்கை சரியாக இருந்தும் வரிசை தவறலாம் என்பது எனக்குத் தெரியும். இரண்டு இழைகள் இடம் மாறினாலும் அவை இரண்டு இழைகள்தான். நூறு எண்ணினாலும் ஆயிரம் எண்ணினாலும் நான் செய்த வேலையை அந்த எண்ணிக்கை காட்டிக்கொடுக்காது. என் யோசனை பயனற்றது என்று தெரிந்தேதான் சொன்னேன்.

தறிக்காரர் என்னை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார். "படிச்சவன் சொல்றான் பாரு" என்றார் தம்பியிடம். "இனிமே எண்ணிப் பிணைக்கிறதா இருந்தா வா. இல்லன்னா வாணாம்."

மறுநாள் நானே ஒரு சிலேட்டும் பலப்பமும் வாங்கிவந்து கொடுத்தேன். நூறு இழைக்கு ஒரு கோடு போட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தேன். அம்மா மனசு நெகிழ்ந்துபோனாள். "அண்ணன்காரன் எவ்ளோ அக்கறையா சொல்றான், கேட்டுக்கோடா" என்றாள். அவன் தலையாட்டினான். ஏழாம் வாய்ப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த அதே முகம்.

எண்ணத் தொடங்கியதும் அவன் விரல்கள் தடுமாறின. ஐம்பத்தொன்பது வரை வந்துவிட்டு, அடுத்தது அறுபதா எழுபதா என்று நின்றுவிடுவான். நின்ற இடத்தில், கடைசியாகத் தொட்ட இழை எது என்பது மறந்துபோகும். எண்ணைத் தேடப்போனால் இழை போகும், இழையைத் தேடப்போனால் எண் போகும். மறுபடி முதலிலிருந்து எண்ணுவான். ஒரு பகலும் பாதியும் பிடித்த வேலை மூன்று நாள் ஆனது. இரண்டாவது பாவில் அவனே ஒரு தவறு செய்தான். இந்த முறை நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஓர் இழையை விட்டுவிட்டு அடுத்ததைச் சேர்த்திருந்தான். மூன்றாவதில் இரண்டு இடம். இரண்டு மாதம் போவதற்குள் அவனைத் தேடி வீட்டுக்கு வருகிறவர்கள் நின்றுபோனார்கள். நான் சொன்ன பொய்யை அவன் விரல்கள் உண்மையாக்கிவிட்டன. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நான் இங்கே எழுதாமல் விட்டால் இந்த எழுத்துக்கே பொருளில்லை.

அவன் நெல் மில்லில் சேர்ந்தான். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, காலால் வரி வரியாகத் தள்ளிக் காயவைக்கும் வேலை. வெயில் ஏறினால் சிமென்ட் தரை கொப்புளம் போடும். மூட்டை சுமக்க ஆள் குறைந்தால் அதையும் செய்வான். எத்தனை மூட்டை ஏறியது என்று எண்ண ஒரு மேஸ்திரி இருந்தார். அதுவரைக்கும் நல்லது என்று அவனே சொல்லிச் சிரித்தான்.

அவன் மில்லில் சேர்ந்த மறு ஆண்டு எனக்கு வேலை வந்தது. ஊரிலேயே ஓர் உயர்நிலைப் பள்ளி. ஆக, எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கணக்கு வாத்தியார். தம்பி களத்துக் கூலி. வகுப்பில் எவனாவது கணக்கில் தோற்றால் நான் சொல்லும் கதை ஒன்று இருந்தது. "எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். கையில் நல்ல தொழில் இருந்தது. எண்ணத் தெரியவில்லை. இப்போது மில் களத்தில் நெல் தள்ளுகிறான். போய்ப் பார்த்துவிட்டு வா." பையன்கள் பயந்துபோய்ப் படிப்பார்கள். தேர்ச்சி நன்றாக இருந்தது. தலைமையாசிரியர் பாராட்டினார்.

போய்ப் பார் என்று நான் சொன்னதைச் சிலர் நிஜமாகவே செய்தார்கள். பள்ளி விட்டதும் மில்லின் கம்பிவேலிப் பக்கம் நின்று கத்துவார்கள்: "யோவ், பதினேழேழு எவ்ளோ?" "நூறுக்கு அப்பால இன்னாய்யா?" ஒருநாள் அந்த வழியாகச் சைக்கிளில் வந்தபோது அது என் காதிலேயே விழுந்தது. தம்பி நெல்லில் நின்றபடி, வேலிப் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்கடா, உங்க சார்தான சொல்லிக் குடுத்தாரு" என்றான். பையன்கள் ஓ என்று கூவினார்கள். அவன் என்னைப் பார்க்கவில்லை. நான் பெடலை வேகமாக மிதித்தேன். மறுநாள் அந்தப் பையன்களை நான் கண்டிக்கவில்லை. கண்டித்தால் ஏன் என்று கேட்பார்கள் என்று பயந்தேன்.

இன்னொரு கதவும் திறந்தது. அதையும் நானே சாத்தினேன். கடைத்தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் ஒன்று இருந்தது. ஈய எழுத்துகளைக் கட்டங்களிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோர்க்கிறவர் வேறு ஊர் போய்விட்டார். அச்சகக்காரர் என்னிடம் கேட்டார்: "உங்க தம்பி தமிழ நல்லாப் படிக்கிறாராமே? உக்காந்த எடத்துலயே உக்கார்ற ஆளு வேணும் சார். எனக்கு அது போதும்." அவனுக்கென்றே செய்துவைத்த வேலைபோல இருந்தது. ஓர் எழுத்து, அடுத்த எழுத்து. எண்ண வேண்டியதில்லை. அவன் அங்கே நன்றாக வந்துவிட்டால் என் வகுப்பறைக் கதை என்ன ஆகும்? இதைத்தான் நினைத்தேன். பெரிதாக வேறெதுவும் நினைக்கவில்லை. "அவனுக்கு முன்ன மாதிரி நிதானம் இல்லீங்க. முகூர்த்த நேரத்த மாத்திக் கோத்துட்டான்னா உங்களுக்குத்தான் பேஜார்" என்றேன். அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். தம்பிக்கு அவர் கேட்டதே தெரியாது.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் பழைய தறிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் மகளுக்குக் கல்யாணம். அவளுடைய புடவையை அவர் தறியிலேயே நெய்யப்போகிறார். பிணைக்கிற ஆட்கள் இருந்தார்கள். ஆனால் இந்தப் பாவுக்குத் தம்பியின் கைதான் வேண்டும் என்றார். "பழசெல்லாம் வுட்ருப்பா. உன்னாட்டம் நான் யாரையும் பாக்கல. ஒரே ஒரு பாவு. நல்லா வந்திச்சின்னா நாலு தறிக்கும் நீதான்."

தம்பி நின்றுகொண்டே கேட்டான். நெல் தூசியில் அவன் கண்கள் அப்போதே சிவந்தபடி இருந்தன. இருமலும் தொடங்கியிருந்தது. மில்லைவிட்டு வெளியே வர அவனுக்கு இருந்த ஒரே வழி அது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். "வாணாங்க. எழய வுட்டுடுவேன்" என்றான். அவர் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு பி.எஸ்சி. நீ சொன்னா கேப்பான்."

அவர் போன பிறகு தம்பி என்னிடம் கேட்டான்: "அண்ணா, நீ லீவு போட்டுட்டு எம்பக்கத்துல உக்காந்து எண்ணுவியா? நீ எண்ணிகினே இருந்தின்னா நான் பண்ணிடுவேன்."

அவன் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. என்னை நம்பிக் கேட்டான். மில் வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவனோடு நடந்தேன். வேலிப் பக்கம் நின்றபோது சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. அந்த முகூர்த்தப் புடவைப் பாவில் குறுக்கே திரித்தது நான்தான் என்றேன். நீ சாப்பிடப் போனபோது என்றேன்.

அவன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"எத்தினி எழ?" என்றான்.

"இருவது, இருவத்தஞ்சு இருக்கும்."

"நீ எண்ணலியா?"

அவன் கம்பியை விரலால் தேய்த்தான். "அப்ப நான் போடலியே" என்றான். "அன்னிக்கே சொன்னேன், நான் அப்பிடிப் போடமாட்டேன்னு." அவன் முகத்தில் வந்தது கோபமல்ல. ஏதோ கெட்ட நோய் என்று பயந்துகொண்டிருந்தவனிடம், அப்படி ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னதுபோல இருந்தது. என்னை அவன் அந்த நேரத்தில் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. "நான் பண்றேண்ணா. அவருகிட்ட நீ சொல்லிடு. நான் போடலன்னு சொல்லிடு. அது போதும்."

சொல்கிறேன் என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் போனோம். தறிக்காரர் வாசலுக்கே வந்து அழைத்துப்போனார். அவர் மனைவி காப்பி கொடுத்தாள். கல்யாணப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். தம்பி என்னைப் பார்த்தான். இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். தறியறையில் நாலு பேர் இருந்தார்கள். அதில் ஒருவரின் மகன் என் வகுப்பில் படித்தான். முதலில் இவன் பாவை முடிக்கட்டும், நல்லபடியாக முடித்த சந்தோஷத்தில் சொன்னால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தீர்மானித்தேன். "மொதல்ல நீ உக்காரு" என்றேன். அவன் உட்கார்ந்தான்.

சிலேட்டு இல்லை. சாம்பலைத் தொட்டு முதல் இழையைத் திரித்தான். இரண்டாவது. மூன்றாவது. விரல்கள் பழைய வேகத்துக்கு வருவதைப் பார்த்துத் தறிக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். கொஞ்சநேரம் போனதும் தம்பியின் உதடுகள் அசையத் தொடங்கின. சத்தம் வரவில்லை. அவன் உதடுகளை இறுக மூடினான். மறுபடி அசைந்தன. நாக்கைப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டு செய்து பார்த்தான். பிறகு கை நின்றது. பழைய பாவில் ஓர் இழையைத் தொட்டு, அதை விட்டு, அடுத்ததைத் தொட்டு, மறுபடி முந்தையதற்கே வந்தான்.

"இன்னாப்பா?" என்றார் தறிக்காரர்.

"எண்ணாத இருக்க முடியலீங்க" என்றான். "நான் எண்ணல. உள்ளார தானா எண்ணிகினே கீது."

"எண்ணட்டுமே. எண்ணிகினே பண்ணேன்."

அவன் முயன்றான். மதியம் வரைக்கும் உட்கார்ந்திருந்தான். நாலைந்து இடங்களில் பிரித்துப் பிரித்துச் சேர்த்தான். பிரித்த நுனிகள் பஞ்சாகப் போனதைத் தறிக்காரர் பார்த்தார். மகளின் புடவை என்பதால் அவர் கத்தவில்லை. அவன் தோளைத் தொட்டு, "வுட்ருப்பா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பி.எஸ்சி., அப்பவே நீ சொன்ன. உன் தம்பிக்கு இந்த வேல ஆவாது. நான்தான் கேக்காம போய்ட்டேன். இன்னா?"

தம்பி தரையில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். சொல்ல வேண்டிய நேரம் அதுதான் என்று அறையில் இருந்தவர்களில் எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

"ஆமாங்க" என்றேன்.

அவன் எழுந்து வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டான். தறிக்காரரைக் கும்பிட்டுவிட்டு எனக்கு முன்னால் வெளியே நடந்தான். தெருவில் வெகுதூரம் வரைக்கும் நான் அவன் பின்னாலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். "இப்பவே திரும்பிப் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்" என்றேன்.

அவன் நிற்கவில்லை. "வுடுண்ணா" என்றான். "இப்ப சொல்லி இன்னா? இன்னிக்கு வராதது என் கையிலதான?"

அது எனக்கு வசதியாக இருந்தது. விட்டுவிட்டேன்.